வரப்பு ஓரத்து ஆவாரையும் வயல் நடுவே கத்தரியும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

விளைச்சலுக்கு வேண்டியவை எவை என்று நம் மாவட்டத்து உழவர் எவரைக் கேட்டாலும் மழை, மண், எரு, ஆள் என்று நான்கைச் சொல்வார். அவற்றுள் மழையே முதன்மை. திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பிரித்து 1974 ஜனவரி 14 அன்று அமைக்கப்பட்ட புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி, ஐப்பசி கார்த்திகை மழையையும் அது நிரப்பும் கண்மாய்களையும் நம்பிய பூமி. ஆனால் இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்று உண்டு. கூலி கேட்காமல் விடியற்காலையிலேயே வயலில் இறங்கி, பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் பூச்சிகளே அவை. 'அயல் மகரந்தச் சேர்க்கை' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் படித்துத் தேர்வு எழுதியதோடு நாம் அவற்றை மறந்துவிடுகிறோம். அந்த இரண்டு பக்கங்களை நம் ஊர் வரப்புக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதே இக்கட்டுரை.

முதலில் ஒரு மிகைக் கூற்றை ஒதுக்கிவிட வேண்டும். தேனீ இல்லையேல் உலகமே இல்லை என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. அது சரியன்று. நெல், சோளம், கம்பு ஆகியவற்றுக்குப் பூச்சியின் உதவி தேவையில்லை. நம் மானாவாரி நிலத்தின் முக்கியப் பயிரான நிலக்கடலை பூ மலரும் நேரத்திலேயே தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும். உளுந்தும் ஏறத்தாழ அவ்வாறே. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அலெக்ஸாண்ட்ரா கிளைனும் அவருடைய கூட்டாளிகளும் உலகின் முக்கிய உணவுப் பயிர்கள் 115ஐ எடுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் 87 பயிர்கள் ஏதேனும் ஓர் அளவில் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியவை. ஆனால் எடைக் கணக்கில் பார்த்தால் அந்த 87 பயிர்களிலிருந்து கிடைப்பது உலக உற்பத்தியில் 35 விழுக்காடுதான். வயிற்றை நிரப்பும் தானியம் காற்றையும் தன்னையும் நம்பி விளைகிறது. காயும் கனியும் எண்ணெய் வித்தும் பூச்சியை நம்பி விளைகின்றன. ஆகவே பூச்சிகள் குறைந்தால் பஞ்சம் வராது. சந்தையில் காய் விற்று நாலு காசு பார்க்கும் சிறு விவசாயிக்குத்தான் நட்டம் வரும். நம் மாவட்டத்தில் அத்தகையோர் பலர்.

அதே ஆய்வு பயிர்களைத் தரம் பிரித்தும் காட்டுகிறது. பூசணி, தர்ப்பூசணி போன்றவை பூச்சி வராவிட்டால் 90 விழுக்காட்டுக்கு மேல் விளைச்சலை இழக்கும். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக உள்ள கொடிகள் ஆதலால் இதில் வியப்பில்லை. பூசணிப் பூ விடியலில் மலர்ந்து வெயில் ஏறுமுன் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் வண்டு வந்தாக வேண்டும். முந்திரியும் மாவும் அடுத்த நிலை. ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் வறுத்து விற்கும் முந்திரிப் பருப்பின் பின்னால் தை, மாசி மாதங்களில் அப்பூங்கொத்துகளில் மேய்ந்த சிறு தேனீக்களும் ஈக்களும் இருக்கின்றன. கத்தரி, தென்னை, எள், சூரியகாந்தி ஆகியவை அதற்கும் அடுத்த நிலை: பூச்சி இல்லையேல் 10 முதல் 40 விழுக்காடு வரை இழப்பு. இந்த நடுநிலைப் பயிர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து. பூசணி முற்றிலும் காய்க்காமல் போனால் விவசாயி காரணத்தைத் தேடுவார். கத்தரியில் கால்வாசி குறைந்தால் மண்ணையோ மருந்துக் கடைக்காரரையோ குறை சொல்லிவிட்டு அடுத்த மூட்டை உரத்தை வாங்குவார்.

கத்தரிப் பூவின் பூட்டு

கத்தரிப் பூவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கூர்ந்து பார்த்தவர் சிலரே. ஊதா நிற அல்லிகளின் நடுவில் மஞ்சள் நிறக் கூம்பு ஒன்று நிற்கும். அது மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதால் ஆனது. செம்பருத்தியிலோ பூசணியிலோ விரலால் தொட்டவுடன் மஞ்சள் தூள் ஒட்டுகிறதே, அதுபோல் இதில் ஒட்டாது. ஏனெனில் கத்தரியின் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியில் ஊசித் துளை போன்ற இரு சிறு துவாரங்கள் மட்டுமே உண்டு. உப்புக் குப்பியைக் கவிழ்த்து ஆட்டினால்தான் உப்பு விழும். அதுபோல் இந்தப் பையை ஆட்டினால்தான் தூள் விழும்.

ஆட்டுவது யார்? காற்று ஓரளவு ஆட்டும். ஆனால் முறையாக ஆட்டத் தெரிந்தவை சில வகைத் தேனீக்கள். அவை கூம்பைக் கால்களால் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசைகளை மட்டும் வேகமாக அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வு மகரந்தப்பைக்குள் பாய்ந்து, தூள் துளை வழியே புகைபோல் வெளியேறி வண்டின் வயிற்றில் படிகிறது. பறக்கும்போது எழும் ரீங்காரத்தைவிட உச்சமான, விட்டுவிட்டு வரும் 'ட்ஸ்ஸ்' என்ற ஒலி அப்போது கேட்கும். காலை வேளையில் கத்தரி வயலில் வரப்பில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் யாருக்கும் இது கேட்கும். இதனை அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்பர்.

இதனைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒலியலைச் சோதனைக்கு வைத்திருக்கும் இசைக்கவை போதும். 256 என்று பொறித்த கவையை ரப்பர் கட்டையில் தட்டி, அதிரும் முனையைக் கத்தரிப் பூவின் கூம்பில் மெதுவாகத் தொட வேண்டும். கீழே கறுப்புத் தாள் பிடித்திருந்தால் வெளிறிய தூள் உதிர்வது கண்ணுக்கே தெரியும். விலங்கியலும் தாவரவியலும் இயற்பியலும் ஒரு காம்பில் சந்திக்கும் இடம் இது என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொன்னார். தக்காளி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரி ஆகிய எல்லாமே இதே குடும்பம். இவற்றின் பூக்களும் அதிர்வுக்கே தூளை விடுபவை.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று. பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. அடுக்குத் தேனீயும் சரி, இத்தாலியத் தேனீயும் சரி, மலைத்தேனீயும் சரி, பூவைப் பிடித்து அதிரச் செய்வதில்லை. கத்தரிப் பூவுக்கு அவை வந்தாலும் சிந்தியதைப் பொறுக்கிச் செல்வதோடு சரி. தெரிந்தவை தனித்து வாழும் தேனீக்கள்: வயிற்றில் நீலநிறப் பட்டைகள் கொண்ட அமெகில்லா, நாம் கருவண்டு என்று அழைக்கும் சைலோகோப்பா, கொசுவை விடச் சற்றே பெரிதான ஹாலிக்டிடே குடும்பத்துச் சிறு தேனீக்கள். உலகில் 20,000க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 700க்கு மேல். தேனடை கட்டிக் கூட்டமாக வாழ்பவை அவற்றுள் மிகச் சிலவே. தேனீ என்றவுடன் தேன் நினைவுக்கு வருவதால் மீதியுள்ளவற்றை நாம் வண்டு, குளவி என்று சொல்லி ஒதுக்கிவிட்டோம்.

பூவில் பாதி, புற்றில் பாதி

ஓர் உயிர் ஓரிடத்தில் வாழ வேண்டுமெனில் உணவும் உறைவிடமும் வேண்டும். முதலில் உணவு. கத்தரிப் பூவில் தேன் கிடையாது. அது தருவதெல்லாம் மகரந்தம் மட்டுமே. மகரந்தம் புரத உணவு. முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு அது வேண்டும். ஆனால் நாள் முழுதும் பறந்து உழைக்கும் தாய்த் தேனீக்குச் சர்க்கரை வேண்டும். அது தேனில்தான் உண்டு. ஆகவே களையே இல்லாமல் கண்ணாடிபோல் சுத்தமாக வைத்திருக்கும் கத்தரித் தோட்டம் ஒரு தேனீக்குக் குழம்பு இருந்தும் சோறு இல்லாத வீடு. வரப்பில் நான்கு தும்பைச் செடியும், வாய்க்கால் ஓரத்தில் ஒரு நொச்சிப் புதரும், கொல்லையில் துளசியும் இருந்தால்தான் நீலப்பட்டைத் தேனீ அந்தப் பக்கம் தங்கும்.

இனி உறைவிடம். தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. உழாத, நீர் தேங்காத, வெயில் படும் வரப்புச் சரிவே அவற்றின் வீடு. நீலப்பட்டைத் தேனீ மண் சுவரிலும் கரைச் சரிவிலும் துளையிடும். நம் ஊர்களில் மண் சுவர் வீடுகள் மறைந்து கான்கிரீட் வீடுகள் வந்ததை வளர்ச்சி என்கிறோம். அது வளர்ச்சிதான், மழைக்காலத்தில் ஒழுகும் வீட்டில் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்தச் சுவரில் குடியிருந்தவை இப்போது வரப்பை மட்டுமே நம்பியுள்ளன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கருவண்டு காய்ந்த மரத்தையும் கீற்றுக் கொட்டகையின் மூங்கிலையும் குடைந்து முட்டையிடும். முருங்கைப் பூவைச் சேர்த்து வைக்கும் பூச்சிகளுள் முதலிடம் அதற்கே. கொட்டகை மூங்கிலைத் துளைக்கிறது என்று அதை அடித்துக் கொல்பவர், அடுத்த மாதம் முருங்கை காய்க்கவில்லை என்று வருந்துவதுண்டு. இலைவெட்டித் தேனீயான மெகாகைல், துவரை இலையிலும் ரோஜா இலையிலும் காசு அளவு வட்டமாக வெட்டியெடுத்துத் தன் வளைக்குள் தொட்டில் செய்யும். அதனால் பயிருக்குக் கேடில்லை. துவரைப் பூவைத் திறந்து சேர்க்கை செய்வதில் அது வல்லது. ஆயினும் இலையில் ஓட்டையைக் கண்டவுடன் மருந்தடிப்போர் உண்டு.

ஆண் நீலப்பட்டைத் தேனீக்களுக்கு வீடு இல்லை. மாலை மங்கும் நேரத்தில் அவை வரப்பில் காய்ந்து நிற்கும் புல் தண்டையோ குச்சியையோ தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடியே உறங்கும். ஆறு மணிக்கு மேல் டார்ச் விளக்குடன் சென்றால் காணலாம். நான் கண்டிருக்கிறேன், பூச்சியியலில் எனக்கு ஈடுபாடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தூரமும் முக்கியம். பெரிய தேனீ சில கிலோமீட்டர் பறக்கும். சிறு தேனீக்கள் சில நூறு மீட்டருக்கு மேல் செல்வதில்லை. எனவே 'பக்கத்து ஊரில் காடு இருக்கிறதே' என்று சொல்வது கத்தரித் தோட்டத்துக்கு உதவாது.

ஆவாரை செய்யும் வேலை

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் சிறுபீளையும் வேப்பிலையும் பறித்து வருகிறோம். ஆவாரை நம் சரளை மண்ணுக்கென்றே பிறந்த செடி. தண்ணீர் கேட்காது, ஆடு மாடு மேயாது, ஏறத்தாழ ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு கிளையில் பூத்திருக்கும். அதன் பூவைப் பிரித்துப் பார்த்தால் கத்தரியின் பூட்டே அங்கும் இருக்கிறது. மகரந்தப்பையின் நுனியில் துளை, உள்ளே தூள், தேன் கிடையாது. மகரந்தத் தாள்கள் ஒரே அளவில் இல்லாமல் சில குட்டையாகவும் சில நீண்டு வளைந்தும் இருக்கும். குட்டையானவற்றைப் பிடித்து வண்டு அதிரச் செய்து உணவுக்கான தூளைச் சேகரிக்கும்போது, நீண்டவை வண்டின் உடம்பில் அதன் கால் எட்டாத வேறிடத்தில் தூளைப் பூசிவிடுகின்றன. கூலி ஒரு கையால், வேலை மறு கையால்!

ஆகவே ஆவாரம்பூவுக்கு வரும் கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயுமே கத்தரிக்கும் வேண்டியவை. கத்தரி நம் தோட்டத்தில் சில மாதங்களே நிற்கும். அதைப் பிடுங்கிவிட்டு அடுத்த நடவு வரும்வரை அந்தப் பூச்சிகள் எதைத் தின்று வாழும்? வரப்பில் ஆவாரை நின்றால் அதைத் தின்று வாழும். இல்லையேல் அடுத்த கத்தரி பூக்கும்போது அவை அங்கே இருக்கமாட்டா. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் செய்தி இது ஒன்றே; மற்றவையெல்லாம் இதற்கு விளக்கம்.

நாட்காட்டி போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தை, மாசியில் மாவும் முந்திரியும் பூக்கும். பனையின் ஆண் பாளையும் அப்போதுதான். பங்குனி, சித்திரையில் வேம்பு, புங்கு, நாவல். புளி அதன்பின். புரட்டாசி முதல் மழை பெய்து தரிசெல்லாம் தும்பையும் கொழிஞ்சியும் நெருஞ்சியும் பூத்துக் கிடக்கும். இடையில் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களே வறட்சி. அந்த மூன்று மாதப் பாலத்தைத் தாங்குபவை ஆவாரையும் நொச்சியும், சொல்லப்போனால் நாம் எல்லோரும் வெறுக்கும் சீமைக் கருவேலும்தான். சீமைக் கருவேலின் பூவில் தேனீக்கள் மொய்ப்பது கண்கூடு. அதற்காக அதை வைத்திருக்கச் சொல்லவில்லை. வெட்டிய இடத்தை வெறுமையாக விடக்கூடாது என்கிறேன்.

தேனீப் பெட்டி வைத்தால் போதாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. தேனீ வளர்ப்புக்கும் நம் பகுதிக்கும் பழைய தொடர்பு உண்டு. அருகிலுள்ள திருச்சி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த அருட்தந்தை நியூட்டன் 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பலருக்குத் தேனீ வளர்க்கக் கற்றுத்தந்தார். அவர் வடிவமைத்த சிறு பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்றே அழைக்கப்படுகிறது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் இத்தொழிலில் பெயர் பெற்றது. 1991, 1992 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியபோது பெட்டிகளிலிருந்த அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. புழுக்கள் பை போல் ஊதிச் செத்துக் கிடந்தன. பெட்டி பெட்டியாகக் காலியானது. ஒரே இனத்தை மட்டும் நம்புவதன் ஆபத்து அன்று தெரிந்தது. தென்னைக்கும் சூரியகாந்திக்கும் பெட்டித் தேனீ நல்லது, வைக்கத்தான் வேண்டும். ஆனால் கத்தரிப் பூட்டுக்கு அது சாவியன்று என்பதை முன்பே கண்டோம்.

கீரமங்கலம் பக்கத்து நண்பர்கள், 'எங்கள் பகுதியே பூந்தோட்டம்தானே, எங்களுக்கென்ன குறை' என்பார்கள். அது பார்வைக்கு உண்மை. மல்லிகையும் முல்லையும் சந்தைக்குப் போவது மொட்டாக. மலர்ந்துவிட்டால் விலை இல்லை. விடியுமுன் பறித்துவிடும் மொட்டில் எந்தத் தேனீ அமரும்? மேலும் மொட்டுப்புழுவுக்காக அடிக்கடி மருந்து தெளிக்க வேண்டிய பயிர் அது. ஏக்கர் கணக்கில் பூ இருந்தும் பூச்சிக்குப் பட்டினி என்பது வேடிக்கையான நிலைதான்.

இழந்தவையும் எஞ்சியவையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயலை நம் மாவட்டத்தில் மறந்தவர் இருக்க முடியாது. தென்னை, பலா, முந்திரி, மா என்று வயது முதிர்ந்த மரங்கள் சாய்ந்தன. இழப்பீட்டுக் கணக்கில் மரம் மட்டுமே எழுதப்பட்டது. முதிய மரத்தின் பொந்து எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அடுக்குத் தேனீக்கும் கொசுத்தேனீக்கும் அந்தப் பொந்துகளே வீடு. புதிதாக நட்ட கன்று ஐந்தாண்டில் காய்க்கலாம். பொந்து விழ அதைப்போல் பல மடங்கு காலம் வேண்டும்.

புயல் ஓர் இரவில் செய்ததை வேறு சில மாற்றங்கள் மெல்லச் செய்து வருகின்றன. பெரும் பரப்பில் தைல மரம் நட்டோம். அது பூக்கும்போது தேனீக்கு உணவு தருவது உண்மையே. ஆனால் கூழுக்காக வளர்க்கும் தோப்பில் அடியில் வேறு செடி தழைப்பதில்லை. கிளுவை வேலிகளைப் பிடுங்கி முள்கம்பி கட்டினோம். களையெடுக்க ஆள் கிடைக்காததால் களைக்கொல்லி வந்தது. வயலுக்கு வாங்கியதில் மிச்சத்தை வரப்பிலும் அடித்துவிடுகிறோம். ஊர்ப் பொது வேலைகளில் வாய்க்கால் கரைப் புதர்களை வேரோடு வெட்டிவிட்டு அதற்குச் 'சுத்தம்' என்று பெயர் சூட்டினோம். இவற்றுள் எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை.

இங்கிலாந்தில் இதே கதை நமக்கு முன்பே நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவு உற்பத்தியைப் பெருக்க, வயல்களின் நடுவே இருந்த புதர்வேலிகளை அகற்றுவதற்கு அரசே மானியம் தந்தது. பல்லாயிரம் மைல் வேலி அழிந்தது. பிறகு அதன் தீமை தெரிந்து 1997இல் புதர்வேலிகளைக் காக்கச் சட்டம் இயற்றினர். புதிதாக நடுவதற்கும் மானியம் தந்தனர். பிடுங்கவும் மானியம், நடவும் மானியம். நாம் அந்த முதல் செலவையாவது மிச்சப்படுத்தலாம்.

எஞ்சியவற்றுள் தலையாயவை நம் கோயில் காடுகள். குளமங்கலத்து ஐயனார் கோயிலின் பெரிய குதிரையைப் பார்க்க வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். ஐயனார் கோயில்களைச் சூழ்ந்த காடுகளை அவ்வளவாக யாரும் பார்ப்பதில்லை. சாமி காட்டில் விறகு ஒடிக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டினால் வீரை, உலக்கைப்பாலை, காசா, நாவல், காரை, களா முதலிய மரம் செடிகள் இத்தகைய காடுகளில் பிழைத்திருக்கின்றன. சேம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டில் உலர் பசுமைமாறாக் காடு எனக் குறித்தது இதைத்தான். சோழமண்டலக் கரையை ஒட்டிய பகுதிக்கே உரிய காடு இது. காசாவின் நீலப் பூவும் துளை வழியே தூள் விடும் பூ என்பது இக்கட்டுரைக்காகப் படித்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியான செய்தி. ஆவாரையும் கத்தரியும் காசாவும் மூன்று வெவ்வேறு குடும்பங்கள். பூட்டு மட்டும் ஒன்றே.

காட்டின் அருகாமையால் வயலுக்குப் பயன் உண்டா? கோஸ்டாரிகா நாட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் டெய்லர் ரிக்கெட்ஸ் குழுவினர் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. காட்டுத் துண்டிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த காப்பிச் செடிகள் 20 விழுக்காடு கூடுதலாக விளைந்தன. காப்பி வேறு, கத்தரி வேறு. எண்ணை அப்படியே இங்குக் கொண்டுவர முடியாது. கோயில் காட்டை ஒட்டிய தோட்டத்தையும் தொலைவில் உள்ள தோட்டத்தையும் ஒப்பிட்டு நம் கல்லூரியிலேயே செய்யத்தக்க ஆய்வு இது.

விவசாயியின் கேள்வி

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது என் தந்தையார் கேட்டவை: "வேலி ஓரத்துல நிழலு விழுகுற ரெண்டு சால்ல கடலை சரியா வராது, அதுக்கு என்ன சொல்ற? எலி வந்து குடியிருக்கும். எலி வந்தா பாம்பு வரும். மயிலு முட்டையிடும். பாம்பு கடிச்சா ஒங் கல்லூரியில வந்து வைத்தியம் பாப்பாங்களா?" இவை தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல. விதைத்த கடலையை மயில் கிளறிவிடுவது நம் பக்கத்தில் உண்மையான இழப்பு. எனவே புத்தகத்தில் உள்ளதை அப்படியே ஒப்பிக்காமல், செலவும் தொல்லையும் குறைந்தது எதுவோ அதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாவது, மருந்தடிக்கும் நேரம். தேனீக்கள் காலை முதல் நண்பகல் வரை பூவில் இருக்கும். நாம் மருந்தடிப்பதும் வெயிலுக்கு முன் காலையில்தான். அதை மாலை நான்கு மணிக்கு மேல் மாற்றினால் ஒரு காசு செலவில்லை. கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பானுக்குப் பயந்து அடிக்கடி தெளிப்பதால் இது மிக முக்கியம். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்ற மருந்துகள் செடியின் சாற்றில் ஊடுருவி மகரந்தத்துக்கே வந்துவிடுபவை. நேரம் மாற்றியும் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த 2018இல் தடை விதித்தது. பூக்கும் பருவத்தில் இவற்றைத் தவிர்த்து, வாடிய நுனித் தண்டுகளைப் புழுவோடு கிள்ளி எரிப்பதும், இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் நல்லது.

இரண்டாவது, வரப்பில் களைக்கொல்லி வேண்டாம். அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போடலாம். இரு பக்கத்தையும் ஒரே நாளில் அறுக்காமல் ஒரு பக்கம் பூத்து ஓய்ந்தபின் மறுபக்கம் அறுக்க வேண்டும்.

மூன்றாவதே ஆவாரை. நெருங்கிய வேலியாக அன்றி, பத்தடிக்கு ஒன்றாக, நிழல் விழாத மேற்கு அல்லது வடக்கு வரப்பில் விட்டால் எலிக்கும் பாம்புக்கும் அதில் மறைவிடம் இல்லை. ஆளுயரத்துக்கு மேல் போகாத செடி. இதற்கு என் தந்தையார் தடை சொல்லவில்லை. வடக்கு வரப்பில் முளைத்தவற்றை இந்த ஆண்டு வெட்டாமல் விட்டிருக்கிறார். கடலைச் சாலுக்கு இடையே துவரை போடுவது நம் முன்னோர் வழக்கம். வம்பன் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையத்தின் துவரை இரகங்கள் இருக்கின்றன. அதுவும் இலைவெட்டித் தேனீக்கு விருந்தே.

கண்டங்கத்தரியையும் சுண்டையையும் வரப்பில் வளர விடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பூச்சிக்கு அவை நல்லவையே. ஆனால் கத்தரி இலையைச் சுரண்டும் புள்ளி வண்டும் அவற்றில்தான் பெருகும். நண்பனையும் பகைவனையும் ஒரே திண்ணையில் உட்கார வைப்பது கூடாது.

தரிசைப் பசுமையாக்க முடியுமா என்று ஐயுறுவோர் கீரனூர்ப் பக்கம் ஒடுகம்பட்டியில் உள்ள கொழுஞ்சிப் பண்ணைக்குச் சென்று பார்க்கலாம். 2013 டிசம்பர் 30 அன்று மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு தொடர்புடைய பண்ணை அது.

குத்தகைக்கு உழுபவர் நிலை தனி. வரப்பு அவருடையதன்று. இன்று விட்ட செடி பூக்கும்போது நிலம் அவர் கையில் இருக்கும் என்ற உறுதியில்லை. அவருக்கு மாலை நேரத் தெளிப்பைத் தவிர வேறெதையும் சொல்ல எனக்கு வழி தோன்றவில்லை. கண்மாய்க் கரை, வண்டிப்பாதை ஓரம் போன்ற பொது நிலத்தில் ஊராட்சியே செடிகளை விட்டுவைத்தால் மட்டுமே அவருடைய கத்தரிக்கும் வண்டு வரும்.

செய்து பார்க்க ஒரு சோதனை

கத்தரிப் பூ உதிர்வதற்கெல்லாம் வண்டு வராததே காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. கத்தரியில் நீண்ட சூல்தண்டுப் பூ, நடுத்தரப் பூ, குட்டைச் சூல்தண்டுப் பூ என்று வகைகள் உண்டு. சூல்முடி கூம்புக்கு வெளியே நீட்டியிருப்பவையே நன்கு காய்க்கும். குட்டையானவை எந்த வண்டு வந்தாலும் உதிரும். எனவே சோதனைக்கு நீண்டவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தோட்டம் உள்ள நண்பர்கள் வரும் மாசியில் இதைச் செய்யலாம். மறுநாள் மலரும் நிலையிலுள்ள மொட்டுகளாக முப்பது தேர்ந்து, நிற நூல் கட்டி அடையாளம் செய்க. பத்தை அப்படியே விட்டுவிடுக. இருபதுக்கு மஸ்லின் துணிப் பை மாட்டுக. அந்த இருபதில் பத்துக்கு, பூ மலர்ந்தபின் இரு நாள் காலையில் பையை நீக்கி இசைக்கவையால் அதிரச் செய்து மீண்டும் மூடுக. மலர்ந்தபின் சூல்தண்டு குட்டையாக இருக்கக் கண்டவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுக. இருபதாம் நாள் காய்களை எண்ணி, எடை போட்டு, குறுக்கே அறுத்து விதைகளையும் பார்க்க வேண்டும். திறந்த பூவுக்கும் இசைக்கவை தொட்ட பூவுக்கும் அதிக வேறுபாடு இல்லையெனில் உங்கள் தோட்டத்தில் வண்டுகள் போதிய அளவு உள்ளன. திறந்த பூக்கள் பையிட்ட பூக்களைப் போலவே பின்தங்கியிருந்தால் வரப்பைப் போய்ப் பாருங்கள். பை பெரிதாக இருக்க வேண்டும். துணி கூம்பில் உரசினால் அதுவே ஆட்டிவிடும். நூலை இறுக்கிக் கட்டினால் காம்பு ஒடிந்துவிடும். தளர்வாகச் சுற்றி, எறும்பு ஏறாமலிருக்க முடிச்சின்மேல் சிறிது பஞ்சு வைத்தால் போதும்.